புகைபோக்கி நிற்கிறது! ஆலை எங்கே?

மும்பை நகரத்தில் லோயர் பரேல் என்று ஓர் இடம் இருக்கிறது.

அங்கே ஒரு பெரிய வணிக வளாகம். "மால்" என்று சொல்கிறார்கள். கண்ணாடிக் கதவுகள். உள்ளே போனால் ஜில்லென்று இருக்கும். கைக்கெடிகாரம் முதல் கல்யாணப் புடவை வரை எல்லாம் கிடைக்கும். விலையைக் கேட்டால்தான் வேர்க்கும்!

அந்த வளாகத்துக்குள் ஓர் அதிசயம். கடைகளுக்கு நடுவே ஓங்கி உயர்ந்த புகைபோக்கி ஒன்று நிற்கிறது. அதில் புகை வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

அதன் அடியில் ஒரு கிழவர். தலையில் வெள்ளைக் குல்லாய். கையில் துணிப்பை. பக்கத்தில் பேரன்.

"ஆஜோபா, வாங்க போகலாம். எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்ப்பீங்க?" என்கிறான் பேரன். (மராத்தியில் "ஆஜோபா" என்றால் தாத்தா.)

"இருடா. நான் ராத்திரி ஷிப்டு பார்த்த இடம் எங்கே என்று தேடுகிறேன்."

"அது இப்போது செருப்புக் கடை, ஆஜோபா!"

இது ஒரு கிழவரின் கதை அல்ல. இப்படிப்பட்ட தாத்தாக்கள் அந்த வட்டாரத்தில் ஆயிரம் ஆயிரமாக உண்டு. அவர்கள் வேலை பார்த்த ஆலைகள் மாளிகைகளாக மாறிவிட்டன. பேரன் அங்கே வேலை பார்ப்பான், அல்லது வாசலில் காவல் நிற்பான். தாத்தாவோ வேடிக்கை பார்க்க வருகிறார்.

கட்டடம் மாறுவது உலக இயற்கை. ஆனால் ஆலை நின்ற மண் யாருக்குப் போயிற்று? அதில் உழைத்தவனுக்கு ஒரு பங்கு உண்டு என்று சட்டமே சொன்னதே, அந்தப் பங்கு என்ன ஆயிற்று?

ஆலைகளின் கிராமம்

பம்பாயில் முதல் பஞ்சாலைக் கம்பெனியை 1854-ம் ஆண்டில் தொடங்கியவர் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர். அது தார்தேவ் பகுதியில் இருந்தது.

சில ஆண்டுகளில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. (1861 முதல் 1865 வரை.) அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு போகவில்லை. பம்பாய்ப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. ஊரில் பணம் புரண்டது. பிறகு ஆலை மேல் ஆலையாக எழுந்தது. பரேல், லால்பாக், வொர்லி என்று எங்கே பார்த்தாலும் புகைபோக்கிகள்தான்!

அந்த வட்டாரத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் "கிரண்காவ்". அதாவது, ஆலைகளின் கிராமம்.

உழைக்க வந்தவர்கள் யார்? கொங்கணக் கடற்கரைக் கிராமத்து ஆட்கள். சதாரா மாவட்டத்துக் குடியானவர்கள். மழை பொய்த்தால், கடன் முற்றினால், ஆலைக்கு வந்தார்கள்.

அவர்கள் தங்கிய இடத்துக்குச் "சால்" என்று பெயர். நீண்ட வராந்தா. வரிசையாக ஒற்றை அறைகள். பல குடும்பங்களுக்குப் பொதுவான கக்கூஸ். ஓர் அறையில் பத்துப் பேர் இருப்பதும் உண்டு. எப்படிப் படுப்பார்கள்? பகல் ஷிப்டு ஆள் வேலைக்குப் போனதும், ராத்திரி ஷிப்டு ஆள் வந்து அதே இடத்தில் பாயை விரிப்பார்!

குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பெண்கள். தங்கள் வீட்டு அடுப்பிலேயே பத்துப் பேருக்கு, இருபது பேருக்குச் சமைத்தார்கள். மாதக் கணக்கில் பணம் வாங்கினார்கள். ஆலைக் கூலிக் கணக்கில் இவர்கள் பெயர் கிடையாது. ஆனாலும் ஆலை ஓடியது இவர்கள் சோற்றில்தான்.

விடியற்காலையில் சங்கு ஊதும். அதற்கு அங்கே "போங்கா" என்று பெயர். வட்டாரம் முழுவதும் அதைக் கேட்டுத்தான் எழுந்தது. பெரும்பாலோர் ஆலைக்கு நடந்தே போனார்கள். வீடு அவ்வளவு பக்கம்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முடியாத வேலை நிறுத்தம்

1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி பம்பாய் ஆலைகளில் வேலை நிறுத்தம் தொடங்கியது. சுமார் 2½ லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள்.

தலைமை வகித்தவர் தத்தா சாமந்த். அவர் ஒரு டாக்டர். மற்றத் தொழிற்சாலைகளில் பெரிய கூலி உயர்வு வாங்கிக் கொடுத்தவர் என்று அவருக்குப் பெயர். ஆலைத் தொழிலாளர்கள் தாங்களே போய் அவரை அழைத்தார்கள்.

கேட்டது என்ன? கூலி உயர்வு, போனஸ் இவற்றோடு மற்றொன்றும் இருந்தது. 1946-ம் ஆண்டுச் சட்டப்படி, பம்பாய் ஆலைத் தொழில் முழுவதற்கும் ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் பேசும் உரிமை. அந்தச் சங்கத்தில் தொழிலாளர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. "நாங்கள் நம்பும் சங்கத்தோடு பேசுங்கள்" என்றார்கள். சர்க்கார் மசியவில்லை. முதலாளிகளும் மசியவில்லை.

மாதங்கள் ஓடின. வருடமும் கடந்தது. பெண்கள் தாலியைத் தவிர மற்ற நகைகளை அடகு வைத்தார்கள். பலர் ஊருக்கே திரும்பினார்கள். வேலை நிறுத்தம் வாபஸ் ஆனதாக யாரும் அறிவிக்கவே இல்லை! அது கரைந்து போயிற்று. திரும்பி வந்தவர்களில் பெருந்தொகையானவர்களுக்கு ஆலைக் கதவு திறக்கவில்லை.

1997-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி தத்தா சாமந்த் சுட்டுக் கொல்லப்பட்டார்.

"வேலை நிறுத்தம்தான் ஆலைகளைக் கொன்றது" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. ஆலைகள் அதற்கு முன்பே நோய்ப்பட்டிருந்தன. பல முதலாளிகள் பழைய இயந்திரங்களை மாற்றவில்லை. பக்கத்தில் பிவண்டியில் விசைத்தறிகள் குறைந்த செலவில் துணி நெய்தன. இன்னொரு பக்கம், நகரத்தின் நடுவில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு நிலையில், துணி நெய்து வரும் லாபத்தைவிட, ஆலையை மூடி மண்ணை விற்றால் வரும் பணம் பல மடங்கு என்று ஆயிற்று. அதன் பிறகு எந்த முதலாளி புதுத்தறி வாங்குவான்?

1983-ம் ஆண்டில் 13 ஆலைகளின் நிர்வாகத்தை மத்திய சர்க்கார் ஏற்றது. நகரத்தின் 58 ஆலைகளில் 25 ஆலைகள் காலப்போக்கில் தேசிய ஜவுளிக் கழகத்தின் கைக்கு வந்தன. மற்றவை பெரும்பாலும் தனியார் கையில் இருந்தன. மொத்த நிலம் சுமார் 600 ஏக்கர்! நெருக்கியடிக்கும் நகரத்தின் நட்ட நடுவில்!

மூன்று பங்கு

இந்த நிலத்தை என்ன செய்வது?

1991-ம் ஆண்டில் மராட்டிய சர்க்கார் ஒரு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆலையை இடித்து வேறு கட்டடம் கட்டுவதானால், நிலத்தை ஏறக்குறைய மூன்று பங்காக்க வேண்டும். ஒரு பங்கு நகராட்சிக்கு. அதில் பூங்கா, விளையாட்டு மைதானம் வரும். ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு. அதில் சாமானிய ஜனங்களுக்கு வீடு வரும். மூன்றாம் பங்கு ஆலைச் சொந்தக்காரருக்கு.

முதலாளிகளுக்கு இது கசந்தது. ஆனால் விதியில் ஓர் ஓட்டை இருந்தது. கட்டடத்தை இடித்தால்தானே பங்கு? இடிக்காவிட்டால்?

ஆகவே, சிலர் கட்டடத்தை இடிக்கவில்லை. வெளிச்சுவர் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த இயந்திரம் போயிற்று. அந்த இடத்தில் பந்து உருட்டி விளையாடும் கூடம் வந்தது. ஓட்டல் வந்தது. துணிக் கடை வந்தது. நெய்வதற்கு அல்ல, விற்பதற்கு!

1996-ம் ஆண்டில் ஆலை நிலங்களைப் பற்றி ஆராயக் கட்டடக்கலை நிபுணர் சார்லஸ் கொரியா தலைமையில் ஒரு குழு அமைந்தது. நிலங்களைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் ஒன்றுசேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று யோசனை சொன்னது. அந்த யோசனை அலமாரியில் தூங்கியது.

2001-ம் ஆண்டில் விதி திருத்தப்பட்டது. திருத்தம் சின்னதுதான். ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு குடும்பப் பாகப்பிரிவினையைப் போலச் சொன்னால் சுலபமாகப் புரியும். 12 கிரவுண்டு மனை என்று வைத்துக்கொள்வோம். அதில் 9 கிரவுண்டில் பழைய வீடு. 3 கிரவுண்டு காலி முற்றம். மூன்று பேருக்குச் சம பங்கு என்றால், வீட்டை இடித்தபின் ஆளுக்கு 4 கிரவுண்டு வரவேண்டும். இது பழைய விதி.

புதிய விதி என்ன சொன்னது? "முதலிலிருந்தே காலியாக இருந்த முற்றத்தை மட்டும் மூன்று பங்கு போடுங்கள். வீடு இருந்த இடம் முழுவதும் மூத்தவருக்கே. அவர் இடித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்" என்றது.

அப்படியானால்? மூத்தவருக்கு 10 கிரவுண்டு. மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு கிரவுண்டு!

ஆலைகளிலும் இதுதான் நடந்தது. நிலத்தின் பெரும்பகுதியைக் கொட்டகைகள் அடைத்திருந்தன. காலி இடம் கொஞ்சம். பூங்காவும் ஏழை வீடும் அந்தக் கொஞ்சத்துக்குள் சுருங்கின.

சர்க்கார் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. "பழைய விதிப்படி முன்வந்தவர்கள் குறைவு. நிலம் விற்றால்தான் பாக்கிச் சம்பளமாவது தொழிலாளிக்குக் கிடைக்கும்" என்றார்கள். உண்மைதான். பாக்கிப் பணத்துக்காகப் பல வருடம் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் அதற்காக ஊரின் பங்கை இத்தனை சுருக்கியிருக்க வேண்டுமா?

வழக்கு நடந்தது. 2005-ம் ஆண்டு அக்டோபரில் பம்பாய் ஐகோர்ட்டு, பங்கு கேட்டவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2006-ம் ஆண்டு மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. 2001-ம் ஆண்டுத் திருத்தம் செல்லும் என்றது. கதவு அகலத் திறந்தது.

விலை ஏறிய வேகத்தைப் பாருங்கள். தேசிய ஜவுளிக் கழகம் 2005-ம் ஆண்டில் மும்பை டெக்ஸ்டைல் மில் என்ற ஆலையின் சுமார் 17 ஏக்கரை 702 கோடி ரூபாய்க்கு விற்றது. 2012-ம் ஆண்டில் அதே நிலம் கை மாறியது. விலை சுமார் 2,700 கோடி ரூபாய்! ஏழு வருடத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த மண்ணில் அதற்குள் ஒரு முழம் துணிகூட நெய்யப்படவில்லை.

ஒரு ஆலைக்கு மட்டும் வேறு விதி கிடைத்தது. தாதர் அருகே இந்து மில் என்ற ஆலையின் 12 ஏக்கர், டாக்டர் அம்பேத்கர் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டது.

பாலத்தில் 23 உயிர்

ஆலைத் தொழிலாளி நடந்தே வேலைக்குப் போனான் என்று மேலே சொன்னோம். புதிய அலுவலகங்களுக்கு வருபவர்கள் அப்படி அல்ல. தானேயிலிருந்தும், விராரிலிருந்தும், கல்யாணிலிருந்தும் ரெயிலில் வருகிறார்கள். ஆலை இருந்த இடத்தில் இருபது, முப்பது மாடி எழுந்தது. ரெயில் நிலையமும் பாலமும் பழையவை.

2017-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போகும் நேரம். திடீரென்று மழை. எல்பின்ஸ்டன் ரோடு ரெயில் நிலையத்தையும் பரேல் நிலையத்தையும் இணைக்கும் குறுகலான நடைபாலம். மழைக்கு ஒதுங்கியவர்கள் படியை விட்டு இறங்கவில்லை. ரெயில்கள் வந்து மேலும் ஆட்களை இறக்கின. நெரிசல்! 23 பேர் உயிர் இழந்தார்கள்.

புதிய கோபுரங்களுக்கு அனுமதி கொடுத்தவர்கள், அங்கே வேலை பார்ப்பவர்கள் எந்த வழியாக நடந்து வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தார்களா? நகராட்சிக்கு முழுப் பங்கு கிடைத்திருந்தால், மூச்சு விடவாவது இடம் இருந்திருக்கும். அந்தப் பெயரில் இன்று நிலையம் இல்லை. 2018-ம் ஆண்டில் அதற்கு "பிரபாதேவி" என்று பெயர் மாற்றினார்கள்.

சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் இன்னொரு விபத்து. கமலா மில்ஸ் என்ற பழைய ஆலை வளாகத்தில், மாடி மேல் நடந்த மது விடுதியில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். புகைக்குப் பயந்து கழிப்பறைக்குள் ஓடியவர்கள் அங்கேயே மூச்சுத் திணறினார்கள். ஆலைக்காகப் போட்ட வளாகத்தில் ஓட்டல்களும் அலுவலகங்களும் அடைந்து கிடந்தன.

சென்னையிலும் ஒரு புகைபோக்கிக் கதை

சென்னை வாசகர்களுக்கு இதெல்லாம் அன்னியம் அல்ல. பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் "பின்னி மில்" என்றால் தெரியாதவர் யார்? பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை என்று இரண்டு. இரண்டும் 1920-ம் ஆண்டில் ஒரே கம்பெனி ஆயின. அங்கே நெய்த காக்கித் துணியைப் போலீஸ்காரரும் பட்டாளத்துச் சிப்பாயும் உடுத்தினார்கள்.

அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான் 1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். தலைவர் பி.பி. வாடியா. துணை நின்றவர் திரு.வி.க. தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது!

ஆலை 1996-ம் ஆண்டில் மூடியது. பிறகு அங்கே சினிமாப் படப்பிடிப்புகள் நடந்தன. கதாநாயகன் வில்லனை அடித்து வீழ்த்தும் பாழடைந்த கொட்டகையைப் பல படங்களில் பார்த்திருப்பீர்கள். அப்பன் உழைத்த கூடத்தை மகன் டிக்கெட் வாங்கித் திரையில் பார்த்தான்! இப்போது அந்த நிலத்தில் அடுக்கு மாடி வீடுகள் எழுந்துள்ளன.

இரண்டு நகரங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மும்பையில் "உழைத்தவனுக்கு வீடு" என்ற கோரிக்கை அடங்கவே இல்லை. பாட்டிகள்கூட ஊர்வலம் போனார்கள். அதனால் ஓரளவு பலனும் கிடைத்தது.

225 சதுர அடி

வீட்டு வசதி வாரியத்துக்குக் கிடைத்த நிலத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டினார்கள். ஒரு வீடு 225 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில், பதினைந்துக்குப் பதினைந்து அடி ஓர் அறை என்று நினைத்துக்கொள்ளலாம். அதற்குள்ளேயே சமையலும் குளியலும். விலை உண்டு, இலவசம் அல்ல. ஆனால் வெளி விலையோடு பார்த்தால் மிகக் குறைவு.

கேட்டவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கும் மேல். வீடோ கொஞ்சம். எனவே, குலுக்கல்! 2012-ம் ஆண்டுக் குலுக்கலில் 6,925 வீடுகள். 2020-ம் ஆண்டுக் குலுக்கலில் 3,894 வீடுகள். இடையிலும் குலுக்கல் நடந்தது. எல்லாவற்றையும் கூட்டினாலும் கேட்டவர்களில் பத்தில் ஒரு பங்குக்கு எட்டவில்லை.

மற்றவர்களுக்கு? மும்பைக்கு வெளியே, கல்யாணுக்கும் அப்பால், ஷேலு, வாங்கணி என்ற ஊர்களில் வீடு தருவதாகச் சர்க்கார் சொன்னது. ரெயிலில் போகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். "ஆலை இருந்தது பரேலில். வீடு மட்டும் காட்டிலா?" என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். 2025-ம் ஆண்டு ஜூலையில் மும்பை ஆசாத் மைதானத்தில் கூடிக் கோஷம் போட்டார்கள். கூட்டத்தில் நரைத்த தலைகளே அதிகம். கணவனை இழந்த பெண்கள், தகப்பன் பெயரில் மனுப் போட்ட மகன்கள் பலர்.

தொலைவில் வீடு தருவது தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. தலைக்கு மேல் கூரையே இல்லாதவனுக்கு அதுவும் பெரிசுதான். ஆனால் பிள்ளைகளுக்கு வேலை நகரத்தில், ஆஸ்பத்திரி நகரத்தில், உறவு நகரத்தில். எண்பது வயதுக்காரர் அங்கே போய் யாரோடு பேசுவார்?

வீட்டுக்கு மனுப் போடவும் அத்தாட்சி வேண்டும். 1982-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலோ, அதற்குப் பிறகோ ஆலையில் வேலை பார்த்ததாகக் காட்ட வேண்டும். டிக்கெட் நம்பர், ஈ.எஸ்.ஐ. அட்டை, வைப்பு நிதிச் சீட்டு, ஏதாவது ஒன்று. சாலில் மழை ஒழுகி, கரையான் அரித்து, காகிதம் போனவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஆலையே இல்லாதபோது யாரிடம் போய்ச் சான்று வாங்குவது?

புகைபோக்கியின் அடியில் நின்ற கிழவரின் துணிப்பையில் இருப்பதும் அந்தக் காகிதங்கள்தான். வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்று கூடவே எடுத்துக்கொண்டு திரிகிறார்.

மாலுக்குள் நுழையும்போது காவல்காரர் அந்தப் பையைத் திறக்கச் சொன்னார். பேரனுக்குக் கோபம்.

"விடுடா" என்றார் கிழவர். "அப்போதும் இப்படித்தான். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது, துணி எடுத்துப் போகிறோமா என்று மடியைத் தடவிப் பார்ப்பார்கள். இப்போது உள்ளே போகும்போது பார்க்கிறார்கள். அவ்வளவுதான்."

காவல்காரர் பழுப்பேறிய அட்டையைப் புரட்டினார். ஆலையின் பெயரைப் படித்தார். "என் அப்பாவும் மில்லில்தான் இருந்தார், ஆஜோபா" என்று சொல்லி, பையைக் கட்டித் திருப்பிக் கொடுத்தார்.